மகரக்கட்டுக்கு முன்

கருவடிக்குப்பம் இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தூத்துக்குடியில் 1867இல் பிறந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் போய், புதுச்சேரியில் 1922 நவம்பர் 13ஆம் தேதி இறந்தார். அப்போது இது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். நவம்பர் 13 வந்தால் நாடகக்காரர்கள் சமாதிக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள். மற்ற நாட்களில் நான் போனபோதெல்லாம் அங்கு யாரும் இருந்ததில்லை. தமிழ் சினிமாவில் குழந்தைகளின் நடிப்பைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் கோடம்பாக்கத்தில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு இந்த இடுகாட்டில்தான் தொடங்க முடிகிறது. காரணம் சொல்கிறேன்.

குடும்பப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் 'அந்தக் குழந்தைதான்யா படத்தைத் தூக்கி நிறுத்திடுச்சு' என்று சொல்வது நாம் எல்லோரும் கேட்டது. விமர்சனம் எழுதுகிறவர்களும் இதையே சற்றுச் சுத்தமான தமிழில் எழுதுகிறார்கள். விழுந்து கிடந்தது எது, குழந்தை அதை எப்படித் தூக்கியது என்று கேட்பாரில்லை. கேட்டுப் பார்த்தால் பதில் சினிமாவுக்கு முந்திய காலத்துக்குப் போகிறது.

சுவாமிகள் இளமையில் எமனாகவும் சனீஸ்வரனாகவும் இரணியனாகவும் வேஷம் கட்டியவர். அந்த வேஷத்தில் அவரைப் பார்த்த பெண்கள் அதிர்ந்து விழுந்தார்கள், அதனாலேயே நடிப்பதை விட்டு வாத்தியாரானார் என்று கதைகள் உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, நடிப்பு என்பது பார்ப்பவரின் உடம்பைத் தொடும் காரியம் என்று அறிந்த ஒருவரைப் பற்றி மட்டுமே இப்படிக் கதை கட்டுவார்கள். அவர் காலத்தின் பெரிய நடிகர்கள் வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மதிப்பதில்லை. மேடையில் எதிரெதிரே நின்று தர்க்கம் செய்வார்கள், பாட்டுக்குப் பாட்டு போட்டியில் இறங்குவார்கள். வள்ளி திருமணம் விடியும்வரை நடந்து, வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் நடக்காமலேயே முடிந்துபோகும். சுவாமிகள் சிறுவர்களிடம் போனதற்கு இந்த அலுப்பு ஒரு முக்கிய காரணம். சிறுவர்கள் சொன்னதைச் சொல்வார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது 6.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒரு சங்கடம் வருகிறது. நம்முடைய மேடையில் குழந்தை நடிகன் என்ற ஏற்பாடு வேரூன்றியது, குழந்தைமையில் யாருக்கோ இருந்த ஈடுபாட்டால் மட்டுமில்லை. எழுதியவரின் சொல் சிதையாமல் போய்ச் சேர ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. பெரியவர்கள் ஓட்டைப் பாத்திரங்களாக இருந்தார்கள். பையன்கள் ராஜபார்ட் போட்டார்கள், ஸ்திரீபார்ட் போட்டார்கள், சந்திரமதியாக அழுதார்கள், எமனோடு வாதாடினார்கள். பத்து வயதுப் பையனின் வாயில் நாற்பது வயதின் துக்கம். சாப்பாடு, படுக்கை, சொற்பச் சம்பளம், இரவெல்லாம் விழிப்பு. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், அதுவரை கம்பெனியைத் தாங்கிய பையன் கம்பெனிக்குப் பாரமாகிவிடுவான். எம்.ஜி.ஆர்., சிவாஜி, பி.யு. சின்னப்பா என்று பாய்ஸ் கம்பெனிகள் உண்டாக்கியவர்களின் பட்டியலைப் பெருமையாகச் சொல்கிறோம். மகரக்கட்டோடு ஊருக்குத் திரும்பிப்போனவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

சுவாமிகள் சண்முகத்துக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் சொல்லும் செய்தி. சண்முகமே தன் 'எனது நாடக வாழ்க்கை'யில் அதைப் பதிவு செய்திருக்கிறார். சிறுவனுக்கு எழுத அவர் தேர்ந்தெடுத்தது அபிமன்யு! வியூகத்துக்குள் போக வழி தெரிந்தவன், வெளியே வரத் தெரியாதவன்.

நானும் ஒரு முறை மேடையில் கிடந்திருக்கிறேன். நின்றிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. 1963இல் எனக்கு எட்டு வயது. புதுச்சேரிக்கு மேற்கே எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கூத்து வைத்தார்கள், அரிச்சந்திரன். லோகிதாசனுக்கு வர வேண்டிய பையனுக்கு அம்மை கண்டுவிட்டது. என் சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கூத்து வாத்தியாரிடம் விட்டார். எனக்கு வசனம் இரண்டு வரி. பாம்பு கடித்த பிறகு வேலையே இல்லை, செத்துக் கிடக்க வேண்டியதுதான். மயான காண்டம் வந்தபோது இரவு இரண்டு மணி இருக்கும். சந்திரமதி வேஷம் கட்டிய மனிதருக்கு ஐம்பது வயதாவது இருக்கும், பீடி வாசனை. என்னை மடியில் போட்டுக்கொண்டு அவர் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். வியர்வையில் அவருடைய அரிதாரம் கரைந்து என் கன்னத்தில் சொட்டியது. காதுக்குப் பின்னால் எறும்பு ஒன்று ஊர்ந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அசையாமல் கிடந்தேன். ஆனால் கண்ணை ஒரு கோடு அளவுக்குத் திறந்து பார்த்துவிட்டேன். முன்வரிசையில் என் அம்மா தலைவிரித்து அழுதுகொண்டிருந்தாள். உயிரோடிருக்கும் என்னைப் பார்த்து, நான் செத்துவிட்டதாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிணத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதை மடியில் வைத்திருந்தவர் பார்த்துவிட்டார். முந்தானையால் என் முகத்தை மூடி, ஒப்பாரியின் ஊடே குனிந்து சொன்னார்: 'பொணம் அழுதா ஊரு சிரிக்கும்டா, மூச்சடக்கிக் கெட.'

மறுநாள் ஊரெல்லாம் 'பையன் என்னமா நடிச்சிட்டான்' என்று பேச்சு. எட்டணா கொடுத்தார்களாம், சித்தப்பா வாங்கிக்கொண்டார். நான் என்ன நடித்தேன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். நடித்ததெல்லாம் அந்த ஐம்பது வயது மனிதர். அவருடைய அழுகைக்குப் போய்விழ ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமாக நான் இருந்தேன். குடும்பக் கதைகளில் குழந்தையின் முதல் வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. பெரியவர்களின் உணர்ச்சி போய் விழும் இடம்.

பேசும்படம் வந்தபோது மேடையின் குழந்தையும் கூடவே வந்தது, ஆனால் தலைகீழாக. கம்பெனி நாடகத்தில் பையன்கள் பெண்களாக வந்தார்கள். சினிமாவில் சிறுமிகள் பையன்களாக வந்தார்கள். 'யார் பையன்' (1957) படத்தில் அந்தப் பையனாக வந்த டெய்சி இரானி ஒரு சிறுமி. பாட்டுக்கு இன்னொரு ஏற்பாடு. 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) ஐந்து வயதுக் கமல்ஹாசன் முருகன் முன் நின்று பாடும் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. வளர்ந்த பெண்ணின் குரல், குழந்தையின் வாய். அதே ராஜேஸ்வரி 1965இல் குட்டி பத்மினிக்கும், கால் நூற்றாண்டு கழித்து 1990இல் 'துர்கா' படத்தில் ஷாமிலிக்கும் பாடினார். முப்பது வருஷம் தமிழ் சினிமாவின் குழந்தைகள் ஒரே பெண்ணின் குரலில் பாடினார்கள் என்று சொன்னால் மிகை கொஞ்சம்தான். மகரக்கட்டு வராத குரலை சினிமா கண்டுபிடித்துவிட்டது.

இருந்தும் 'களத்தூர் கண்ணம்மா'வை ஏளனம் செய்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. ஜாவர் சீதாராமனின் கதை அன்றைய ஏவி.எம். வழக்கத்தில் அமைந்ததுதான்: ஜமீன்தார் மகன், ஏழைப் பெண், ரகசியக் கல்யாணம், தவறான சந்தேகம், அநாதை இல்லத்தில் வளரும் பிள்ளை. குழந்தை இறந்துவிட்டது என்று தாய் நம்புகிறாள். தாய் யாரென்று பிள்ளைக்குத் தெரியாது. எல்லாம் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். பீம்சிங்கின் படங்களில் பெரியவர்கள் எல்லோரும் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு துன்பப்படுகிறார்கள். இந்தப் பையன் ஒருவன்தான் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் புரிந்துகொள்ள எதையுமே தரவில்லை. சாவித்திரியின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கும் சில இடங்களில், வசனம் இல்லாதபோது, படம் தன் கதையைவிடப் பெரிதாகிறது. சாவித்திரி எவ்வளவு பெரிய நடிகை என்பதும் அந்த இடங்களில்தான் தெரிகிறது; குழந்தையின் முன் அவர் தன் நடிப்பைக் குறைத்துக்கொள்கிறார். பாட்டுக்காகப் படத்தை நினைவு வைத்திருக்கிறோம். அதைத் தூக்கி நிறுத்தியது பாட்டில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பையன் சில படங்களுக்குப் பிறகு போய்ச் சேர்ந்த இடம் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழு. கமல்ஹாசன் அவரைத் தன் குருவாகச் சொல்லிவந்திருக்கிறார். ஔவையார் வேஷத்தால் ஔவை சண்முகம் என்று பெயர் பெற்றவரின் ஞாபகமாகவே 1996இல் 'அவ்வை சண்முகி' என்று படத்துக்குப் பெயர் வந்தது. சுவாமிகளிடம் ஆறு வயதில் போன சிறுவனிடம், ஐந்து வயதில் சினிமாவுக்கு வந்த இன்னொரு சிறுவன் பாடம் கேட்டான். கருவடிக்குப்பத்துக்கும் ஏவி.எம். ஸ்டுடியோவுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

'குழந்தையும் தெய்வமும்' (1965) வேறு மாதிரி. எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மானியர் 1949இல் புத்தகமாக வெளியிட்ட கதை. டிஸ்னி 1961இல் படமாக்கியது. கிருஷ்ணன்-பஞ்சு தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிந்த பெற்றோரை இரட்டைச் சிறுமிகள் சேர்த்துவைக்கிறார்கள். கேஸ்ட்னரிடம் விவாகரத்து என்பது குழந்தைகளோடு பேச வேண்டிய விஷயமாக இருந்தது; நம்மிடம் வந்தபோது அது தலைப்பிலேயே தெய்வ காரியமாகிவிட்டது. இரண்டு வேஷங்களிலும் குட்டி பத்மினி துறுதுறுவென்று இருக்கிறார், சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் சாமர்த்தியம் முழுக்கப் பெரியவர்களின் சமாதானத்துக்கே செலவாகிறது. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் குழந்தை ஒரு மத்தியஸ்தன், அல்லது முருகன். தன் வேலையாகக் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது.

வேறு சாத்தியங்கள் உண்டு என்று நான் தெரிந்துகொண்டதும் இந்த ஊரில்தான். இங்கே பிரெஞ்சுப் படங்கள் போடுவார்கள். பாஷை அரைகுறையாகப் புரியும். த்ரூஃபோவின் '400 அடிகள்' (1959) படத்தை அப்படிப் பார்த்தேன். சீர்திருத்தப் பள்ளியில் மனோதத்துவ மருத்துவர் பையனைக் கேள்வி கேட்கிறார். மருத்துவர் முகம் தெரிவதே இல்லை. பையன் மட்டும் மேஜையருகே உட்கார்ந்து பதில் சொல்கிறான், திணறுகிறான், சிரிக்கிறான். ஷான்-பியேர் லேயோவுக்கு எழுதிக் கொடுத்த பதில்கள் இல்லை. கேட்டவர் த்ரூஃபோ, பதில்கள் பையன் அங்கேயே யோசித்துச் சொன்னவை. சுவாமிகள் எதைத் தடுக்கப் பையன்களிடம் போனாரோ, அதை வேண்டியே த்ரூஃபோ ஒரு பையனிடம் போயிருக்கிறார். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. பாட்டும் வசனமும் சிதைந்துபோய்க்கொண்டிருந்த ஒரு மரபுக்கு சுவாமிகள் செய்தது தேவையாக இருந்தது. அது முடிந்த பிறகும் அதே அச்சில் சினிமாக்காரர்கள் குழந்தைகளை வார்த்துக்கொண்டிருந்ததுதான் என் புகார்.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) இன்னொரு வழியைப் பிடித்தார். நாணல் பூத்த வெளியில் அப்பு அக்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். 'தயங்கி நட' என்றால் எந்தக் குழந்தைக்கும் புரியாது. ராய் அவன் நடக்கும் வழியில் குச்சிகளைப் போட்டு வைத்தார். பக்கங்களில் ஆட்களை நிறுத்தி அவ்வப்போது பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தார். குழந்தை குச்சியைத் தாண்டியது, கூப்பிட்ட திசையில் திரும்பியது. நாம் பார்ப்பது ஒரு தம்பியின் தவிப்பு. சுபீர் பானர்ஜி அதற்குப் பின் நடிகராகத் தொடரவில்லை. அந்த ஒரு நடை போதும்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வந்த முதல் படம் என்று நான் 'உதிரிப்பூக்க'ளைத்தான் (1979) சொல்வேன். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டார்: தாயில்லாத இரண்டு குழந்தைகள் ஒரு வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டின் காற்று எப்படி இருக்கும் என்பதை. பேபி அஞ்சுவும் மாஸ்டர் ஹாஜா ஷெரீஃபும் இந்தப் படத்தில் யாரையும் சேர்த்துவைப்பதில்லை. வளர்ந்த பெண்ணின் குரலில் தெய்வத்தைக் கூப்பிடுவதுமில்லை. அம்மா இருமுவதைப் பார்க்கிறார்கள், அப்பா வருவதைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஊர் கூடி அப்பனை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான், குழந்தைகள் கரையில் நிற்கிறார்கள். வில்லன் ஒழிந்தான் என்று கைதட்டப் பழகிய கொட்டகையில் கைதட்டல் எழவில்லை. கொடியவன் செத்ததாக ஊர் நினைக்கலாம். கரையில் நிற்கிற இருவருக்குச் செத்தது அப்பா. அந்த இருவர் அங்கே நிற்காவிட்டால் இது பழிவாங்கும் கதை, ஒழுங்காக முடிந்த கதை. என் சந்தேகத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். குழந்தை தூக்கி நிறுத்துகிறது என்றால், கதை கணக்குத் தீர்த்துவிட்டதாக நினைக்கும்போது தீராத பாக்கியாக அது நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பின் வந்த படங்களை விரிவாகச் சொல்ல விருப்பமில்லை. 'அஞ்சலி'யில் (1990) மூன்று வயது ஷாமிலிக்குத் தேசிய விருது, தருணோடும் ஸ்ருதியோடும் பகிர்ந்துகொண்டது. பேச்சே வராத பாத்திரம் என்பது நல்ல தொடக்கம், ஆனால் சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழந்தைக்காகச் சேர்ந்து அழுது தீர்த்துவிட்டார்கள். 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் (2002) கீர்த்தனா கோபப்படுகிறாள். பெற்ற தாயிடம் கேள்வி கேட்கும் குழந்தை நம் சினிமாவில் அபூர்வம். 'தங்க மீன்க'ளில் (2013) சாதனா ஓயாமல் பேசுகிறாள், எனக்குச் சில இடங்களில் காது வலித்தது. ஆனால் ஆங்கில எழுத்துகளில் எம்மையும் டபிள்யூவையும் குழப்பிக்கொள்ளும் அந்தத் தப்பு அவளுடையது, யாரும் அவள் வாயில் வைத்ததாகத் தெரியவில்லை.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாப்ளினின் 'தி கிட்' படம் வந்தது 1921இல். சுவாமிகள் பக்கவாதத்தில் விழுந்த வருஷம். அதில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். 1938இல் அவர் வழக்குப் போட்டார். மறு வருஷம் கலிபோர்னியாவில் அவர் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது நடிப்புக்கு விலக்கு அளித்தார்கள். 2017இல் வந்த விதிகள் நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்கின்றன. கூகன் சட்டத்துக்கும் இதற்கும் இடையில் 78 வருஷம். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு இதில் ஒன்றுமே இருந்ததில்லை. என் எட்டணாவைப் பற்றி இப்போது சித்தப்பாவிடம் கேட்க முடியாது, அவர் காலமாகி இருபது வருஷமாகிறது.

புதுச்சேரி அரசு நடத்திவரும் இந்தியத் திரைப்பட விழாவில் சிறந்த தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் விருதுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். சினிமாவே எடுக்காத மனிதரின் பெயர். சினிமாவுக்கு அவர் விட்டுப்போனது என்ன என்பதைப் பற்றி விழாக்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு படம். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 2021இல் ரோட்டர்டாமில் புலி விருது வாங்கியது. குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் வறண்ட நிலத்தில் நடக்கிறார்கள். கணவன், மனைவி, சண்டை, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் — எல்லாம் பழைய குடும்பப் படத்தின் சாமான்கள்தான். செல்லப்பாண்டி என்ற சிறுவன் அதிகம் பேசுவதில்லை. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே அதைப் போல இன்னும் பல கற்கள் குவிந்திருக்கின்றன. எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறான் என்று கேமரா சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

படம் பார்த்த மறுநாள் நான் கருவடிக்குப்பத்துக்குப் போனேன். நவம்பர் இல்லை, வெயில் காலம். சமாதியில் வாடின மாலைகூட இல்லை. பக்கத்தில் யாருக்கோ குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த சிறுவன் ஒருவன் மண்மேட்டின் மேல் உட்கார்ந்து, வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.